பட்டறை கேள்வி பதில்: ஆடாத வெல்டிங் மேசை

கேள்வி: நாலடிக்கு மூன்றடி, 12 மி.மீ. இரும்புத் தகட்டில் வெல்டிங் மேசை செய்யப்போகிறேன். கீழே எல் ஆங்கிள் கால் போதுமா ஐயா?

பதில்: தகடு மட்டுமே 105 கிலோ வரும் தம்பி. ஆங்கிள் தாங்கும், ஆனால் சுத்தியலால் தட்டினால் ஆடும். மூன்றங்குல சதுரக் குழாய் வாங்குங்கள். சட்டத்தை முதலில் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக அளவு டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் சரியாக ஐந்தடி வரவேண்டும். அப்புறம் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி வெல்டு போடுங்கள்.

தகட்டைச் சட்டத்தோடு முழு நீளத்துக்கும் பற்றவைத்துவிடாதீர்கள். என் முதல் மேசையில் அப்படிச் செய்து தகடு வளைந்துவிட்டது; நடுவில் ஸ்கேல் வைத்தால் அடியில் தீக்குச்சி நுழைந்தது. அடிப்பக்கத்தில் அங்குல நீளத் துண்டு வெல்டுகள் போதும். காலடியில் நட்டு பற்றவைத்து, போல்ட்டைத் திருகி மட்டம் பாருங்கள்.