வேலை டென்ஷனால் ஊழியர்களுக்குத் தோள், கழுத்து வலி வருமா? மன அழுத்தப் பயிற்சி வைத்தால் குறையுமா?

வரும். எனக்கே வந்தது. உங்கள் அலுவலகத்தில் பலருக்கும் கழுத்து, முதுகு வலி, மருத்துவ விடுப்பு கூடிக்கொண்டே போகிறது, ஒரு நாள் பயிற்சி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைப்பதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 19 வருஷமாகக் கிராணி (எழுத்தர்) வேலை. சம்பளக் கணக்கு என் பொறுப்பு. நான் குலை வெட்டுவதில்லை, மூட்டை தூக்குவதில்லை. ஆனாலும் வலது தோளில் தொடங்கி காதுக்குப் பின்னால் வரை ஓர் இழுப்பு. கோடாலித் தைலம் பாட்டில் பாட்டிலாகத் தீர்ந்தது. ஆபீசில் கேட்டு நல்ல நாற்காலியும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் சுகமாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான்.

அரசாங்க மருத்துவமனையில் பிசியோ பார்த்த மலாய்ப் பெண் முதல் நாளே என் தோளில் கை வைத்து, "காக், தூருன்கான் பஹு" என்றார். அக்கா, தோளை இறக்குங்கள். இறக்கித்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். கண்ணாடி முன் நிறுத்திக் காட்டினார். வலது தோள் இரண்டு விரற்கடை மேலே நின்றது. அது எனக்குத் தெரியவே தெரியாது.

பயிற்சியோடு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார். தினமும் படுக்கும் முன் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு மார்க் போட வேண்டும். அடுப்படியில் மாட்டியிருந்த குதிரைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் போட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், மாத நடுவில் எல்லாம் 2, 3. ஒன்றாம் தேதியிலிருந்து ஆறாம் தேதி வரை 8, 9. அதே நாற்காலி, அதே மேசை.

அந்த ஆறு நாளில் என்ன நடக்கிறது? மலேசிய வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த 7-ஆம் நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். மண்டோர்களின், அதாவது கங்காணிகளின், புத்தகமோ 30-ஆம் தேதி மாலைதான் என் மேசைக்கு வரும். குலைக் கணக்கு, உதிரிப் பழம், ஓவர்டைம், முன்பணக் கழிவு. மழையில் நனைந்த தாளில் அது 1-ஆ 7-ஆ என்று தெரியாது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மண்டோரிடம் கேட்டபடியே தட்டச்சு செய்வேன். ஓர் ஆளுக்குக் கணக்குத் தவறினால் மறுநாள் காலை ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டில் என் பெயர்தான் அடிபடும்.

பயமோ அவசரமோ வந்தால் தசை இறுகும், அது உடம்பின் சுபாவம். வேலை முடிந்தும் அது தளராமல் நிற்பதில்தான் தொல்லை. சுவீடன் ஆய்வாளர் ஹேக் 1991-இல் இதற்கு ஒரு கருதுகோள் சொன்னார். தோள் தசையில் சில சின்ன இழைகள் முதலில் வேலைக்கு வந்து கடைசியில்தான் ஓய்கின்றன. விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் பிறகு படுக்கும் சிண்ட்ரெல்லாவின் பெயரையே அவற்றுக்கு வைத்துவிட்டார்கள். என் அம்மா பால்மரம் வெட்டியவர், அவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. போதாக்குறைக்கு அந்த ஆறு நாளும் தூக்கம் கெடும். தூக்கம் குறைந்தால் சின்ன வலியும் பெரிதாகத் தெரியும்.

நடுவில் நிர்வாகம் எங்களை ஓர் ஓட்டலுக்கு அழைத்துப் போய் மன அழுத்தப் பயிற்சி வைத்தது. மூச்சுப் பயிற்சி, கைதட்டல், நல்ல பிரியாணி. தேதி 2. என் கணக்கு மேசையிலேயே கிடந்தது. அன்று காலண்டரில் போட்ட மார்க் 9.

வலியைக் குறைத்தது வேறு. புதிதாக வந்த சின்ன தொரை (துணை மேலாளர்) என்னையும் மண்டோர்களையும் உட்கார வைத்து, "எங்கே சிக்குகிறது?" என்று கேட்டார். அன்றன்றைய பக்கத்தைப் படம் எடுத்து மாலையிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம் என்றேன். அவ்வளவுதான். மாதக் கடைசியில் சரிந்து விழுந்த மலை தினம் அரை மணி நேர வேலையாகிவிட்டது. மார்க் 4, 5-க்கு இறங்கியது. பூஜ்யம் ஆகவில்லை, பொய் சொல்லக் கூடாது. வேலைப்பளு அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்பதில் நமக்குச் சொல்லுரிமையும் இல்லாவிட்டால்தான் அழுத்தம் மோசமாகும் என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-லேயே எழுதிவிட்டார்.

வெளிக்காட்டில் குலை வெட்டும் ஆட்களுக்கு இதை அப்படியே சொல்ல மாட்டேன். அண்ணாந்து பார்த்தபடி நீளக் கம்பில் அரிவாள் பிடித்து வெட்டி, 20 கிலோக் குலையைத் தூக்கிப் போடுகிறவருக்கு முதுகு வலிப்பது சுமையால். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷின் கணக்கில், எல்லாம் வாகாக அமைந்தாலே தூக்கும் உச்சம் 23 கிலோ. காட்டில் எது வாகாக அமைகிறது? அவர்களுக்குத் தள்ளுவண்டியும், தீட்டிய அரிவாளும், சம்பளம் வெட்டாத ஓய்வும் வேண்டும். குலைக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது ஓய்வு அவர் பையிலிருந்து போகிறது, அதனால் எடுக்க மாட்டார். டென்ஷன் அங்கே புகுவது இந்த வழியாகத்தான்.

உங்கள் ஆபீசுக்கு: மலேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபியின் 2017 எர்கோனாமிக்ஸ் (உடம்புக்கு ஏற்ற வேலை அமைப்பு) வழிகாட்டியில் உடம்பில் எங்கெங்கே வலி என்று ஊழியரே குறிக்கும் படிவம் இருக்கிறது. அதைக் கொடுங்கள். கூடவே எந்தத் தேதி, என்ன வேலை என்றும் எழுதச் சொல்லுங்கள். தேதிகள் ஒன்றுகூடினால் அந்த வேலையைப் பிரித்துப் போடுங்கள். நாற்காலியும் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் இன்றும் செய்வது ஒன்றே ஒன்று. போனை வைக்கும்போதெல்லாம் இரண்டு தோளையும் காது வரை தூக்கி, ஐந்து எண்ணி, சட்டென்று விடுவேன். இறுக்கித் தளர்த்தினால்தான் எவ்வளவு இறுகியிருந்தது என்பது தெரிகிறது. பக்கத்து மேசைத் தம்பி இன்னும் சிரிக்கிறான். மனசே தாங்கவில்லை என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555 இருக்கிறது.

ஆனால் கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, டென்ஷன்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் கிளினிக்குக்குப் போங்கள். தோள் வலியோடு நெஞ்சு அழுத்தி வியர்த்தால் 999. அன்றைக்குக் காலண்டரில் மார்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.