சுகர் 52, இன்சுலின் ‘நார்மல்’: என் நாய்க்கு என்னதான் பிரச்சினை?

ஒன்பது வயது லேப்ரடார். காலையில் வாக்கிங் முடிந்து வந்ததும் பின்னங்கால் தள்ளாடி விழுகிறது, சாப்பிட்டால் சரியாகிவிடுகிறது, ஒருமுறை வலிப்பும் வந்தது. ரத்தத்தில் சுகர் 52, இன்சுலின் நார்மல், அப்படியானால் வேறென்ன பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். சுகரையும் இன்சுலினையும் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் பார்த்தார்களா? ஆமாம் என்றால், உங்கள் நாய்க்கு இன்சுலின் அதிகமாகத்தான் இருக்கிறது.

நாய்க்கு ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 70 முதல் 120 வரை இருக்கும். 60-க்குக் கீழே இறங்கினால், நல்ல கணையம், சர்க்கரையை இறக்கும் இன்சுலினைச் சுரப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். ரிப்போர்ட்டில் இன்சுலினுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவு, சர்க்கரை ஒழுங்காக இருக்கும் நாய்க்கானது. சர்க்கரை 52-க்கு இறங்கிய பிறகும் அதே அளவு இன்சுலின் ஓடுகிறது என்றால், கட்டுப்பாடில்லாமல் ஏதோ சுரந்துகொண்டே இருக்கிறது. வயதான நாயில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்சுலினோமா, அதாவது கணையத்தின் பீட்டா செல்களில் வரும் கட்டி.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு ஜிம்மிக்கும் இதுதான். ஸ்பிட்ஸ். தெருவில் மீன்காரம்மா குரல் கேட்டால் வாசலுக்குப் பாய்வான். ஒருநாள் பாதி வழியிலேயே பின்னங்கால் இரண்டும் மொசைக் தரையில் விரிந்துவிட்டன. உதட்டோரம் துடிக்கிறது, கண் திறந்தபடி இருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. எதிர்வீட்டு ஆயா, “காத்து கருப்பு அடிச்சிருக்கும்ப்பா, மந்திரிச்சுக் கயிறு கட்டினு வா” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் காட்டிய கிளினிக்கில் சுகரே பார்க்காமல் வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்களே, அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வெறும் வயிறு, ஓட்டம், உற்சாகம் என்று ஏதோ ஒன்றுக்குப் பிறகே விழுகிற நாய்க்கு, மாத்திரைக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தாக வேண்டும். மூளை சர்க்கரையைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. வரத்து நின்றால் வலிப்பாகத்தான் காட்டும்.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில்தான் விஷயம் பிடிபட்டது. சாப்பாடு நிறுத்தி, டாக்டர் கண்முன்னாலேயே வைத்து, சுகர் 60-க்குக் கீழே போனதும் அந்த ரத்தத்திலேயே இன்சுலினும் பார்த்தார்கள். இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. இன்னொன்று, எடுத்த ரத்தத்தைச் சும்மா வைத்திருந்தால் சிவப்பணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும், ரிப்போர்ட்டில் பொய்யாகக் குறைவு காட்டும். சிவப்பணுக்களை உடனே பிரித்துவிட வேண்டும், அல்லது சாம்பல் மூடி போட்ட ஃப்ளோரைடு குழாயில் எடுக்க வேண்டும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரும் நாய் ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும். அதனால் லேபில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஈரல் கோளாறு, அடிசன் நோய் (அட்ரீனல் சுரப்பி சரியாகச் சுரக்காதது), கடும் தொற்று ஆகியவையும் சுகரை இறக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் இன்சுலினும் இறங்கிவிடும், இப்படி நார்மலாக இருக்காது.

விழுந்தால் என்ன செய்வது? தேனையோ கெட்டியான சர்க்கரைத் தண்ணீரையோ விரலில் தொட்டு ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தடவுங்கள். வலிப்பில் இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பற்களுக்கு நடுவே விரலும் வேண்டாம். எழுந்ததும் கொஞ்சம் சாப்பாடு கட்டாயம் கொடுங்கள். வெறும் இனிப்போடு விட்டால் கட்டி இன்னும் இன்சுலினைக் கொட்டும், மறுபடி விழும். தெளியவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவார்கள்.

நாங்கள் ஒரு நாள் சாப்பாட்டை ஐந்தாறு வேளையாகப் பிரித்தோம். காசிமேட்டில் சூரை மீன் வாங்கி, உப்பு காரம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, கொஞ்சமே கொஞ்சம் சோற்றில் பிசைந்து கொடுப்போம். படுக்கும் முன் ஒரு வேளை, அதைத் தவறவிட்டதே இல்லை. கூடவே டாக்டர் சொன்ன அளவில் ப்ரெட்னிசோலோன், சுகரை ஏற்றி வைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. கட்டி ஏற்கெனவே பரவியிருந்ததால் அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அதன்பிறகும் ஒரு பொங்கல் எங்களோடு இருந்தான்.

நீரிழிவுக்கு ஊசி போடும் நாய், பூனை வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். மில்லிக்கு 40 யூனிட் என்று கோடு போட்ட சிரிஞ்சில், மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100. பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் படித்துவிட்டு இழுங்கள். சாப்பிடாத வேளையில் டாக்டரைக் கேட்காமல் ஊசி வேண்டாம். சுகர்ஃப்ரீ சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு மனிதருக்கு இன்சுலினைப் பெரிதாக ஏற்றாது, நாய்க்கோ அரை மணி நேரத்திலேயே இன்சுலினைக் கொட்டவைத்துவிடும்.

உங்கள் லேப்ரடாருக்கு அடுத்து வயிற்று ஸ்கேன் எழுதுவார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிம்மதியாகிவிடாதீர்கள். இந்தக் கட்டிகள் மிகச் சிறியவை, அல்ட்ராசவுண்டில் அடிக்கடி தப்பிவிடும். சிடி ஸ்கேன் எடுக்க வழி இருக்கிறதா, பரவாமல் இருந்தால் கணையத்தின் அந்தப் பகுதியை மட்டும் எடுக்க முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள். அதுவரை வெறும் வயிற்றில் வாக்கிங் வேண்டாம்.