மறுமொழி: பெயர்ச்சீட்டு இல்லாத மூட்டுவலி மாத்திரைகள்

வணக்கம். சிங்கப்பூரில் சீன மருத்துவர் ஒருவர் பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தில் கொடுத்த மாத்திரைகளால் தங்கள் தாயாரின் முழங்கால் வலி இரண்டே நாளில் மறைந்ததாக எழுதியிருந்தீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வேகம்தான். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே சீன மருத்துவம் பார்ப்பவர் அதற்குரிய வாரியத்தில் பதிவு பெற்று, நடப்பிலுள்ள தொழில் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். அவர் பெயரை இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்றவராயினும் ஆங்கில மருந்து கொடுக்க அவருக்கு உரிமையில்லை. இத்தகைய மாத்திரைகளில், வீக்கத்தையும் வலியையும் விரைவில் அடக்கும் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு (ஆங்கில மருந்து) கலந்திருந்தது பலமுறை பிடிபட்டுள்ளது. அதன் அறிகுறியாக அம்மாவின் முகம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பல வாரம் உட்கொண்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால், பொட்டலத்துடன் இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மீதி மாத்திரைகளை எறிந்துவிடாமல், மருந்துகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் புகார் அளிக்கும்போது காட்டுங்கள்.