புலனாய்வுச் செய்தி எப்படி உருவாகிறது என்பதை உள்ளபடி காட்டும் படங்களும் தொடர்களும் எவை?

பத்திரிகையாளரை நாயகராகக் கொண்ட படங்களுக்குக் குறைவில்லை. ஆனால், அவற்றுள் பெரும்பாலானவற்றில் ரகசியக் கோப்பு ஒன்று எளிதாகக் கைக்கு வந்துவிடும். மறுநாள் காலையில் உண்மையும் முதல் பக்கத்தில் வந்துவிடும். பதில் சொல்லாமல் வைக்கப்பட்ட தொலைபேசிகளையும், முகத்துக்கு நேரே சாத்தப்பட்ட கதவுகளையும், யாரும் புரட்டாத பதிவேடுகளையுமே கதையாக்கிய படங்கள்தாம் உங்கள் கேள்விக்குப் பொருந்தும் என்பதால், அவற்றை மட்டும் பரிந்துரைக்கிறேன்.

டாம் மெக்கார்த்தி இயக்கத்தில் 2015இல் வெளிவந்த 'ஸ்பாட்லைட்' படத்திலிருந்து தொடங்குங்கள். கத்தோலிக்கப் பாதிரியார்கள் சிறார்களுக்கு இழைத்த பாலியல் கொடுமைகளையும், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதித் திருச்சபை நிர்வாகமான உயர்மறைமாவட்டம் அவற்றை மூடிமறைத்ததையும் 'பாஸ்டன் குளோப்' நாளிதழின் புலனாய்வுக் குழு 2002 ஜனவரியில் வெளிக்கொணர்ந்த உண்மை நிகழ்வே இதன் கதை. குற்றம் சாட்டப்பட்ட பாதிரியார்கள் ஒரு பங்கிலிருந்து (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) இன்னொரு பங்குக்கு மாற்றப்படும்போதெல்லாம், திருச்சபையின் ஆண்டுக் கையேடுகளில் அவர்கள் பெயருக்கு எதிரே 'நோய் விடுப்பு' போன்ற குறிப்புகள் இடம்பெற்றிருப்பதைக் கவனித்த செய்தியாளர்கள், பல ஆண்டுகளின் கையேடுகளை வரி வரியாகப் படித்துப் பட்டியல் தயாரிக்கிறார்கள். அந்தக் கையேடுகளில் ரகசியம் எதுவுமில்லை. அவை நூலகத்திலேயே இருந்தவை. எல்லார் கண்ணெதிரிலும் கிடந்த ஒன்றிலிருந்து இவ்வளவு பெரிய உண்மை வெளிப்படுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பே தங்களுக்கு வந்திருந்த தகவலை அதே நாளிதழ் உள்பக்கத்தில் சிறு செய்தியாக முடித்துவிட்டதையும் படம் மறைக்கவில்லை.

அடுத்ததாக, ருமேனியாவின் அலெக்சாண்டர் நனாவ் இயக்கிய 'கலெக்டிவ்' என்ற 2019ஆம் ஆண்டின் ஆவணப்படத்தை அவசியம் பாருங்கள். 2015 அக்டோபர் 30 அன்று புக்காரெஸ்ட் நகர இரவு விடுதி ஒன்றில் மூண்ட தீ மொத்தம் 64 உயிர்களைப் பறித்தது. அவர்களில் பலர் அன்றிரவு இறந்தவர்கள் அல்லர், பின்வந்த வாரங்களில் மருத்துவமனைகளில் இறந்தவர்கள். பிழைத்திருக்கக்கூடியவர்கள் ஏன் இறந்தார்கள் என்று விடாமல் கேட்டவர்கள் கடாலின் டோலோன்டான் தலைமையிலான ஒரு விளையாட்டு நாளிதழின் செய்தியாளர்கள் என்பதே வியப்புக்குரியது. மருத்துவமனைகளுக்கு வழங்கப்பட்ட கிருமிநாசினியில் அளவுக்கு மீறித் தண்ணீர் கலக்கப்பட்டிருந்ததை அவர்கள் கண்டறிகிறார்கள். பின்னணிக் குரலோ நேர்காணலோ இல்லாமல், கேமரா செய்தி அறைக்குள் அமைதியாக நிற்கிறது. பிற்பகுதியில் புதிய சுகாதார அமைச்சரின் அலுவலகத்துக்குள்ளும் நுழைந்து, சீர்திருத்தம் எங்கே முட்டி நிற்கிறது என்பதைக் காட்டுகிறது.

நம் நாட்டிலிருந்து ரிண்டு தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் இயக்கிய 'ரைட்டிங் வித் ஃபயர்' (2021) படத்தைச் சொல்வேன். உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் நடத்தும் 'கபர் லஹரியா' என்ற செய்தி நிறுவனம் அச்சிலிருந்து கைப்பேசி வழிச் செய்திக்கு மாறும் காலத்தை அது பதிவுசெய்கிறது. இப்படம் தங்கள் பணியின் ஒரு பகுதியையே முழுமைபோலக் காட்டுகிறது என்று அந்த நிறுவனம் 2022இல் அறிக்கை வெளியிட்டது. படத்தோடு அதையும் சேர்த்துப் படியுங்கள்.

அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலகச் செய்த வாட்டர்கேட் விவகாரம் பற்றிய 'ஆல் தி பிரசிடெண்ட்ஸ் மென்' (1976) இவ்வகைப் படங்களுக்கெல்லாம் முன்னோடி. பெயர்கள் அடுக்கடுக்காக வருவதால், நிக்சன் அரசின் முக்கியப் புள்ளிகள் யார் யார் என்று சிறிது படித்துவிட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'ஷேட்டர்டு கிளாஸ்' (2003), 'தி நியூ ரிபப்ளிக்' இதழில் இல்லாத மனிதர்களையும் நடக்காத சம்பவங்களையும் எழுதி 1998இல் பிடிபட்ட ஸ்டீபன் கிளாஸின் கதை. சரிபார்ப்பவர்களை அவர் எப்படி ஏமாற்றினார் என்பதைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும்: சில செய்திகளுக்கு எழுதியவரின் குறிப்பேட்டைத் தவிர வேறு ஆதாரமே இல்லாதபோது, அந்தக் குறிப்பேட்டையே பொய்யாகத் தயாரித்துவிட்டால் சரிபார்ப்பு முறை முழுவதும் செயலற்றுப் போகிறது.

தொடர்களில் 'தி வயர்' ஐந்தாம் பருவம் (2008) பால்டிமோர் நாளிதழ் ஒன்றின் செய்தி அறையைக் காட்டுகிறது. அதை உருவாக்கிய டேவிட் சைமன் அந்நகர நாளிதழில் செய்தியாளராக இருந்தவர். ஆனால், அந்நகரின் காவல்துறை, துறைமுகம், அரசியல், பள்ளிகள் ஆகியவற்றைக் காட்டும் முந்தைய நான்கு பருவங்களைப் பார்க்காமல் அதை மட்டும் பார்த்தால், அந்தச் செய்தி அறை எவற்றையெல்லாம் எழுதத் தவறுகிறது என்பது தெரியாமலே போய்விடும்.