நர்சிங் கல்லூரியில் ஆசிரியராக இருப்பவர் ஆராய்ச்சி செய்தே ஆக வேண்டுமா?

கேட்பதைப் பார்த்தால் எம்.எஸ்சி. இப்போதுதான் முடித்திருக்கிறீர்கள் போல. 'ஸ்ட்ரக்சர்ட் டீச்சிங் புரோகிராம்' என்று ஒரு தீசிஸும் எழுதியிருப்பீர்கள். முதலில் ஒரு டெஸ்ட், நடுவில் பாடம், கடைசியில் அதே டெஸ்ட். மார்க் கூடாமல் என்ன செய்யும்? நானும் அதைத்தான் எழுதினேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

டியூட்டராகச் சேர்ந்த இரண்டாவது மாதம். 500 மி.லி. சலைன், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். மில்லிக்கு 20 துளி விழும் டிரிப் செட், அதனால் நிமிடத்துக்கு 42 துளி. போர்டில் நான் போட்டுக் காட்டிய கணக்கை இரண்டாமாண்டு மாணவி வார்டில் செய்து பார்த்தாள். ஒரு கண் துளி விழும் சேம்பரில், ஒரு கண் வாட்ச்சில், உதடு அசைய எண்ணுகிறாள். கூடவே நானும் எண்ணுகிறேன். "மேடம், கரெக்டா 42!" என்றாள்.

கட்டிலில் இருந்த பாட்டி, "பாப்பா, கை விண்ணுனு இருக்கு" என்றார். பிளாஸ்திரியைச் சுற்றி உப்பிக்கிடந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. சலைன் நரம்பில் ஏறாமல் சதையில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வார்டு சிஸ்டர் வந்து சலைன் குழாயின் ரோலரை மூடிவிட்டு, அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அடுத்த பேட்ச்சிலிருந்து வரிசையை மாற்றினேன். முதலில் இரண்டு கையையும் தொட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் வாட்ச். கணக்கு சரியாக இருந்தாலும் கையைத் தொடாதவளுக்குப் பாதி மார்க்தான். யார் தொட்டாள், யார் மறந்தாள் என்று ஒரு நோட்டில் குறித்துவந்தேன். ரவுண்ட்ஸ் நேரத்தில், டாக்டர் பக்கத்தில் நிற்கும்போதுதான் அதிகம் மறக்கிறார்கள். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு, அதாவது கன்ட்ரோல் குரூப் எங்கே என்பீர்கள். இல்லைதான். ஆனால் இப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள்ளாமல் பாடம் எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

நிர்வாகத்திடம் அந்த நோட்டைக் காட்டினேன். "எந்த ஜர்னல்ல வந்துச்சு?" என்றார்கள். காசு கட்டிக் கட்டுரை போட்டவருக்குத்தான் பாராட்டு. இதே ஆட்கள்தான் மே மாத வெயிலில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் எங்களை அட்மிஷன் பிடிக்க அனுப்பினார்கள். வேலையை விட்டபோது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்க ஐந்து மாதம் நடந்தேன். சேரும்போது ஒரிஜினலைக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள்.