தூண்டில் கேள்வி பதில்

கேள்வி: ஏப்ரல் காலையில் முட்டுக்காடு முகத்துவாரத்து மணல்திட்டில் நின்று கிழங்கான் மீனுக்குத் தூண்டில் போடுகிறேன். இரை மட்டும் காணாமல் போகிறது. மீன் மாட்டுவதில்லை. ஏன்? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: முதலில் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் மணல் அடைத்துவிட்டால் ஏற்றமும் வற்றமும் (கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும்) உள்ளே வராது. நீரோட்டம் இல்லாத திட்டில் நின்று பயனில்லை.

திறந்திருந்தால், வற்றம் அதிகாலை 4, 5 மணிக்கு முடியும் நாளாகப் பார்த்துப் போங்கள். அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்னைக்கான ஓத அட்டவணை சொல்லும் நேரத்தைவிடக் கழிக்குள் தண்ணீர் தாமதமாகத்தான் திரும்பும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏற்றத்தின் முதல் 2 மணி நேரமே முக்கியம். மணலில் இருக்கும் புழுவையும் குட்டி இறாலையும் தின்ன, ஏறும் தண்ணீரோடு கிழங்கான் திட்டுக்கு வரும். வெயில் ஏறி ஆழமில்லாத தண்ணீர் சூடானதும் ஓடைக்கு இறங்கிவிடும். அதனால் தூண்டிலைத் திட்டின் நடுவில் போடாதீர்கள். திட்டு சரிந்து ஓடையில் இறங்கும் விளிம்பில், தண்ணீரின் நிறம் மாறும் இடத்தில் போடுங்கள்.

இரை போவதற்குக் காரணம் பெரும்பாலும் பெரிய முள்தான். கிழங்கானின் வாய் சிறியது. 8 அல்லது 10ஆம் எண் முள் போதும் (எண் கூடினால் முள் சிறிது). 0.20 மி.மீ. தங்கூசியில் (நைலான் நரம்பில்) வழுக்கி ஓடும் 15 கிராம் ஈயத்தைக் கோத்து, கீழே ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) கட்டி, அதிலிருந்து 50 செ.மீ. நரம்பில் முள்ளைக் கட்டுங்கள். ஈயம் ஓடினால்தான் மீன் இழுக்கும்போது கனம் உறைக்காது. இறாலை உரித்து, உப்புப் பிரட்டி அரை மணி நேரம் வைத்தால் சதை இறுகும். கீச்சான் மீன் குஞ்சுகளாலும் நண்டாலும் அதை எளிதில் பிய்க்க முடியாது. 2 செ.மீ. துண்டு போதும், முள்முனை வெளியே தெரியட்டும். போட்டபின் ஒரு சாண், ஒரு சாணாக மெல்ல இழுங்கள்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நின்று பிடிக்கலாமா? (கடலூர் வாசகர்)

பதில்: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. கரைத் தூண்டிலுக்கு அது பொருந்தாது. ஆனால் காப்புக்காட்டிலும் பறவைகள் சரணாலயத்திலும் வனத்துறை விதிதான். அனுமதி கேட்டுவிட்டே இறங்குங்கள்.

கேள்வி: சேற்றில் நடக்கும்போது திருக்கை குத்தாமல் தப்புவது எப்படி? (பரங்கிப்பேட்டை வாசகர்)

பதில்: காலைத் தூக்கி வைக்காதீர்கள், தரையோடு தேய்த்து நடங்கள். அதிர்வு பட்டதும் திருக்கை விலகிவிடும். மேலே மிதித்தால்தான் வாலை வீசும். குத்திவிட்டால், தோல் வேகாத அளவுக்குச் சூடான நீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வலி தணியும். சூட்டைக் குத்துப்படாதவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும், வலியில் இருப்பவருக்குச் சூடு சரியாகத் தெரியாது. வலி தணிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். முள்துண்டு உள்ளே தங்கினால் புண் சீழ் பிடிக்கும். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே கொண்டுபோங்கள்.