பாப்பாவை நர்ஸிங்கிலிருந்து நிறுத்துவதற்கு முன்னால்

அம்மா, மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, கல்லூரிக்கும் போகமாட்டேன் என்கிறாள், நிறுத்திவிடலாமா என்று கேட்டு நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன், அப்புறம் உங்கள் மகளிடமும் முக்கால் மணி நேரம் போனில் பேசினேன். கல்லூரி, ஆஸ்பத்திரி, பெயர் எதையும் சொல்லாமல் பொதுவில் எழுதலாமா என்று அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகே இதை எழுதுகிறேன். ஏனென்றால் பி.எஸ்ஸி. நர்ஸிங் மூன்றாம் வருடத்தில் பிள்ளை திடீரென்று "இனி போகமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வரும் சென்னைப் பெற்றோர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது நிறுத்தாதீர்கள். அவள் அப்பா சொல்கிற மெடிக்கல் கோடிங், அதாவது நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலை, மோசமானது கிடையாது, ஓ.எம்.ஆர். பக்கம் அதற்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன, நர்ஸிங் முடித்தவர்களே பலர் அதில் சேர்கிறார்கள். ஆனால் அதற்குப் பட்டத்தை முடித்துவிட்டே போகலாமே. எட்டு செமஸ்டரில் ஐந்தைத் தாண்டிய பிள்ளை இப்போது வெளியே வந்தால் பட்டமும் இருக்காது, நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்யவும் முடியாது, வேறு ஒரு கோர்ஸின் முதல் வருடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று. "வார்டுப் போஸ்டிங்கில் யாராவது உன்னிடம் தப்பாக நடந்துகொண்டார்களா?" என்று நான் நேராகவே கேட்டேன், இல்லை என்றாள். நீங்களும் வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் ஒரு முறை கேளுங்கள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் நான் கீழே எழுதுவது எதுவும் பொருந்தாது. உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் புகார் போக வேண்டும், அந்த வார்டுக்கு அவளைத் திரும்ப அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, நடந்தது இது. மெடிக்கல் வார்டில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், கணையத்தில் புற்றுநோய், முற்றிய நிலை. அவர் மகன் டாக்டரிடமும் சிஸ்டர்களிடமும் "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டார்" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். காலையில் டெம்பரேச்சர் பார்க்கப் போன உங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரியவர், "பாப்பா, நீ பொய் சொல்லமாட்டே, எனக்கு கேன்சரா?" என்று கேட்டுவிட்டார். இவள் பதறிப்போய், "இல்ல தாத்தா, அல்சர்தான், சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டாள். நான்காம் நாள் அவர் இறந்துவிட்டார். ஊரில் இருக்கிற கொஞ்சம் நிலத்தை மகள் பேருக்கு எழுதி வைக்கணும், வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது இவளுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்திருக்கிறது.

அவள் சாப்பிடாமல் இருப்பது இதனால்தான். ரத்தத்தைப் பார்த்துப் பயந்தோ, நைட் ட்யூட்டிக்குச் சோம்பியோ இல்லை. தன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை ஒரு மனிதரின் கடைசி நாட்களில் எதைக் கெடுத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த உறுத்தல் வராத பிள்ளையைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021இல் மாற்றிய பாடத்திட்டத்தில் தொழில் நெறிக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது, உங்கள் மகள் அதில் நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறாள். கான்ட், பென்தம் என்ற தத்துவஞானிகள் யார், மருத்துவ நெறியின் நான்கு கொள்கைகள் எவை என்று ஒரே மூச்சில் சொல்கிறாள். ஆனால் அந்தப் பாடம் ஐந்து மார்க் கேள்வியாகவே நின்றுவிட்டது, கட்டில் பக்கத்தில் அதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. அதனால் போனில் நாங்கள் இருவரும் அந்தப் பெரியவரை வைத்தே பேசிப் பார்த்தோம்.

மகன் சொன்னது விளைவை வைத்து எடுத்த முடிவு. தெரிந்தால் துடிப்பார், தெரியாவிட்டால் நிம்மதியாக இருப்பார். பென்தமும் அவர் வழிவந்த மில்லும் சொன்ன வழி இதுதான், எதனால் நன்மை அதிகமாகவும் துன்பம் குறைவாகவும் விளையுமோ அதைச் செய். அந்த மகனின் அன்பை நான் குறை சொல்லவே மாட்டேன், நம் வீடுகளில் பாதிப் பேர் இதைத்தான் செய்வோம். ஆனால் விளைவைக் கணக்குப் போடுகிறவர்கள் தங்கள் கண்ணுக்குத் தெரிந்த விளைவை மட்டும்தான் எண்ணுகிறார்கள். அந்த நிலம் மகனின் கணக்கில் இல்லை, அப்பா யாரையெல்லாம் பார்த்துப் பேசிவிட்டுப் போக நினைத்திருப்பார் என்பதும் இல்லை.

கான்ட் இதற்கு நேர் எதிர்ப் பக்கம். ஒருவர் உயிரைக் காப்பாற்றுவதற்காகக்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று எழுதியவர் அவர். வார்டில் அவ்வளவு கறாராக இருந்தால் மனிதர்கள் நொறுங்கிப்போவார்கள் என்று உங்கள் மகள் சொன்னாள், எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று அவளை உலுக்கிவிட்டது. ஒருவரிடம் பொய் சொல்லும்போது, அவர் எடுக்க வேண்டிய முடிவை அவரைக் கேட்காமலே நாம் எடுத்துவிடுகிறோம்.

1979இல் பீச்சம்ப், சில்ட்ரஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் தொகுத்த நான்கு கொள்கைகளில் முதலில் வருகிற அட்டானமி, அதாவது நோயாளி தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை, இதைத்தான் சொல்கிறது. நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை அகற்றிய வழக்கில், சுயநினைவு திரும்பி அந்தப் பெண்ணே முடிவு சொல்லியிருக்க முடியும், அம்மாவின் சம்மதம் அவருடைய சம்மதம் ஆகாது என்று 2008இல் உச்சநீதிமன்றம் சொன்னது. பெற்ற தாய் சொன்னதே போதாது என்றால், மகன் கேட்டுக்கொண்டார் என்பதற்காக அப்பாவிடம் பொய் சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை?

ஆனால் எனக்கு மிகவும் உதவுவது, விளைவு, கான்ட், நான்கு கொள்கைகள் இவற்றுக்கு அடுத்து நான்காவதாக வரும் ஒரு பார்வை. அமெரிக்க உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இலும் தத்துவ ஆசிரியர் நெல் நாடிங்ஸ் 1984இலும் எழுதியது, பராமரிப்பு நெறி என்று சொல்லலாம். விதி என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், எதிரில் இருக்கிற இந்த மனிதருக்கு இந்த நிமிஷம் என்ன தேவை என்று கவனி என்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு "நீ பொய் சொல்லமாட்டே" என்று தொடங்கினார் பாருங்கள், அவருக்குப் பாதி தெரிந்திருக்கிறது. அவர் கேட்டது நோயின் பெயரை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பயத்தைப் பற்றிப் பேச எனக்கு யாராவது இருக்கிறீர்களா என்றும் கேட்டிருக்கிறார்.

அப்படியானால் அவள் என்ன செய்திருக்கலாம்? நோயைச் சொல்வது மாணவியின் வேலை இல்லை, அது டாக்டர் சொல்ல வேண்டியது. பொய் சொல்வதும் அவள் வேலை இல்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறது. கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏன் தாத்தா அப்படித் தோணுது, என்ன நினைச்சுக் கவலைப்படறீங்க?" என்று கேட்டிருந்தால் நிலம் பற்றிய பேச்சு அப்போதே வந்திருக்கும். "டாக்டர்கிட்ட நீங்க நேரடியா பேசணும்னு நான் போய்ச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, வார்டு சிஸ்டரிடமும் ட்யூட்டி டாக்டரிடமும் சொல்லி, நோயாளி தன் நோயைப் பற்றிக் கேட்கிறார் என்று நர்ஸஸ் நோட்ஸில் எழுதியிருந்தால், அந்தக் கேள்வி டாக்டர் கையில் போய்ச் சேர்ந்திருக்கும். மகனிடம் யாராவது "உங்கள் அப்பாவே கேட்கிறார்" என்று சொல்லியிருப்பார்கள். இதைக் கேட்டதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை முதல்லயே யாராவது சொல்லித் தந்திருக்கலாம்" என்றாள். ஆமாம், சொல்லித் தந்திருக்க வேண்டும். அது அவளுடைய தவறு இல்லை, இதை நீங்கள் இன்று ராத்திரியே அவளிடம் சொல்லுங்கள்.

உங்களிடம் அவள் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது, உங்களிடம் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தாள். ஒரு நைட் போஸ்டிங்கில் முப்பது கட்டிலுக்கு ஒரே ஸ்டாஃப், அவரும் ஓடி ஓடிக் களைத்துப்போய், "எல்லாருக்கும் 120/80 போட்டுடும்மா" என்று பிபி சார்ட்டைக் கையில் கொடுத்திருக்கிறார், இவளும் போட்டுவிட்டாள். அந்த சிஸ்டரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், முப்பது பேரை ஒருவரிடம் விட்டவர்களிடம்தான் முதல் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். இங்கே கான்ட், பென்தம் என்று யார் பக்கம் நின்று பார்த்தாலும் பதில் ஒன்றுதான், பார்க்காத பிபியை எழுதக் கூடாது. பார்க்க முடியாத கட்டிலுக்கு "பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டு, யாருக்கு மிகவும் அவசியமோ அவர்களை முதலில் பார்ப்பதுதான் நேர்மை. அதிலும் கூட இருந்து பார்த்துக்கொள்ள அட்டெண்டர் இல்லாத நோயாளிகளை முதலில் பார் என்பது என் பிடிவாதம். கூட இருந்து சத்தம் போட ஆள் இல்லாதவர்கள்தான் எல்லா வார்டிலும் பின்னால் தள்ளப்படுகிறார்கள். நான்கு கொள்கைகளில் ஜஸ்டிஸ், அதாவது எல்லோருக்கும் நியாயம், என்று அவள் படித்தது இதுதான்.

எது சரி என்று தெரிந்தும், இடமும் மேலே இருப்பவர்களும் அதைச் செய்ய விடாதபோது வரும் வேதனைக்கு அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஆண்ட்ரூ ஜேமிட்டன் 1984இல், நர்ஸ்களை வைத்தே, மாரல் டிஸ்ட்ரஸ் என்று ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் அறவேதனை என்று சொல்லலாம். உங்கள் மகளுக்கு இருப்பது அதுதான். பலவீனம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததுமே அவள் குரல் மாறியது.

அவளிடம் இன்னொன்றைப் படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், 1973இல் அங்கேயே தாக்கப்பட்டு நினைவிழந்தவர், 2015இல் இறக்கும்வரை நாற்பது வருடத்துக்கும் மேலாக அவரை அங்கிருந்த நர்ஸ்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டார்கள். உணவூட்டுவதை நிறுத்தி அவரைப் போகவிட வேண்டும் என்று ஒரு மனு போனபோது, அவருக்காகப் பேசும் உரிமை இத்தனை காலம் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குத்தான் என்று சொல்லி 2011இல் உச்சநீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. அதே தீர்ப்பில்தான், கடுமையான நிபந்தனைகளோடு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள இந்தியாவில் முதல் முறையாக வழியும் திறந்தது. அந்த நர்ஸ்கள் செய்தது சரியா, மனுவில் கேட்டது சரியா? எனக்கு இன்றுவரை ஒரு பக்கம் நிற்க முடியவில்லை. அவளே யோசிக்கட்டும், இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது அம்மா. பக்கத்துத் தெருக்காரர் அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் "அவருக்கு என்னடி வியாதி?" என்று அவளிடம் கேட்காதீர்கள், சொந்தக்காரர்களையும் கேட்க விடாதீர்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986இல் நம் சென்னையில்தான், அப்போதிலிருந்து எத்தனையோ பேர் வியாதியைவிட ஊர் வாய்க்குத்தான் அதிகம் பயந்தார்கள். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று 2017இல் தனிச் சட்டமே வந்தது. வார்டில் கேட்டதை வாசலோடு விட்டுவிட்டு வர அவளுக்குப் பழக்கம் வர வேண்டும் என்றால், வீட்டில் அந்தக் கேள்வி வரவே கூடாது.

வேலை விஷயமும் கேட்டீர்கள். இந்த யோசிக்கும் பழக்கம் வேலைக்கு உதவுமா என்றால், நன்றாகவே உதவும். பிரிட்டனில் நர்ஸாகப் போகிறவர்கள் எதிர்கொள்ளும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் தொழில் நெறிக்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது, அமெரிக்காவின் நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸில் சம்மதம், ரகசியம், நோயாளி உரிமை பற்றிக் கேட்பார்கள். இங்கே தனியார் ஆஸ்பத்திரி இன்டர்வியூவில் "மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டால், தலைமை நர்ஸான மேட்ரனிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று தொடங்குகிற பிள்ளைகள்தான் அதிகம். முதலில் நோயாளியைப் போய்ப் பார்ப்பேன், டாக்டருக்குச் சொல்வேன், நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்ற வரிசை உங்கள் மகளுக்கு இனி மனப்பாடம் செய்யாமலே வரும். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதைப் பட்டம் முடிந்த பிறகு பேசுவோம்.

இப்போதைக்கு இந்த வாரம் அவள் ஓய்வெடுக்கட்டும். சாப்பாடும் தூக்கமும் அதற்குள் சரியாகவில்லை என்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. திங்கட்கிழமை போகும்போது முதலில் வார்டுக்குப் போகாமல், அவள் நம்புகிற அந்த கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் மேடத்தைப் பார்த்து, பெரியவர் விஷயத்தை முழுசாகச் சொல்லட்டும், முடிந்தால் வகுப்பில் கேஸ் டிஸ்கஷனாக வைக்கக் கேட்கட்டும், பெயர் இல்லாமல். அவள் அப்பாவிடம் மெடிக்கல் கோடிங் பற்றிச் சண்டை போடாதீர்கள், சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் வாருங்கள், அவரிடம் நான் பேசுகிறேன். வரும்போது அவள் அருணா ஷான்பாக் பற்றி எழுதிய இரண்டு பக்கத்தையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.